வாகரையிலிருந்து உகந்தை வரை: சைக்கிளும் சட்டியுமாக மூன்று மாதம்

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வேலையை விட்டாயிற்று, 3 மாதம் சைக்கிளில் கிழக்குக் கரையோரம் திரிய ஆசை, கையில் இருக்கிற காசு ரூம் எடுத்துத் தங்கினால் 3 கிழமைக்குக்கூடக் காணாது. எங்கே படுப்பது, என்ன சமைப்பது, எவ்வளவு முடியும்?

தம்பி, வாகரையிலிருந்து மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான். மேடு பள்ளம் இல்லாத தார் ரோட்டு, கடைசித் துண்டு மட்டும் கிறவலும் மணலும். வாட்டசாட்டமான ஆள் 4 நாளில் ஓடி முடித்துவிடுவார். உங்களிடம் 90 நாள் இருக்கிறது. அப்படியென்றால் இது ஓட்டப் பயணம் இல்லை, தங்கல் பயணம். செலவும் அங்கேதான் முடிவாகிறது. காசைக் கரைப்பது சோறும் படுக்கையும் என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் கரைப்பது தினமும் இடம் மாறுவது. புது ஊருக்குப் பொழுதுபட வந்து சேர்ந்தால் எந்தக் கிணறு நல்ல தண்ணீர் என்று தெரியாது, போத்தல் வாங்குவீர்கள். அரிசியைக் கிலோவாக வாங்கினால் சுமக்க வேண்டும், ஆகவே கடையில் கொத்துரொட்டி. யாரையும் தெரியாது, ஆகவே ரூம். ஒரே இடத்தில் 10 முதல் 15 நாள் நின்றால் இந்த மூன்றும் ஒன்றாக விழுந்துவிடும். 90 நாளுக்கு 6 அல்லது 7 தங்கல், அதற்கு மேல் வேண்டாம்.

கணக்கை ரூபாயில் எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். 2022-க்குப் பிறகு விலைவாசி எப்படி ஆடியது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒரு மரக்கறிச் சோத்துப்பார்சலின் விலையை அலகாக வைத்துக்கொள்ளுங்கள். தானே சமைக்கிற ஒரு நாளுக்கு, அரிசி பருப்பு தேங்காய் மரக்கறி கொஞ்சம் கருவாடு எல்லாம் சேர்த்து, ஒன்றேகால் பார்சல் போகும். இதில் அரிசியை விடத் தேங்காய்தான் பெரிய செலவு. தேத்தண்ணிக்குக் கால். சைக்கிள் திருத்தம், போன் கார்ட், கோயில் உண்டியல், சவர்க்காரம் இவற்றுக்கு அரை. ஆக, நிற்கிற நாளுக்கு 2 பார்சல். ஓடுகிற நாளில் கடைச் சாப்பாடு வரும், அதற்கு 4 போடுங்கள். 80 நாள் நிற்பது, 10 நாள் ஓடுவது என்றால் மொத்தம் 200 பார்சல். அதற்கு மேல் 50 பார்சல் காசைத் தனியாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். அது காய்ச்சலுக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸுக்கும். அதைத் தொட்டு அறுகம்பேயில் பிட்சா தின்னக்கூடாது.

எப்போது வருவது என்பதில் விட்டுக்கொடுப்பே இல்லை. ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை இங்கே மாரி. வாடைக்காற்றும் வெள்ளமும் சேர்ந்தால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் பல ரோட்டுகள் தண்ணீருக்குள் போய்விடும், வெளியில் படுக்கவே ஏலாது. மாசி நடுப்பகுதியில் தொடங்குங்கள். அப்போது பெரும்போக நெல் வெட்டு நடக்கும் காலம், வெயிலும் தாங்கலாம். வைகாசி பிறந்தால் கச்சான் காற்று. நிலப்பக்கமிருந்து அனலாக அடிக்கும், பகல் 10 மணிக்குப் பிறகு தெற்கே மிதிப்பது வீண் வேலை. ஆகவே கச்சானுக்கு முந்தித் தெற்கே இறங்குங்கள். திரும்பி வடக்கே வரும்போது அதே காற்று பக்கவாட்டிலும் முதுகிலுமாகப் பிடித்துத் தள்ளும். எந்த மாதமானாலும் மிதிப்பது காலை 5 முதல் 9 வரை.

இனிப் படுக்கை. இந்தப் பக்கத்தில் வழிப்போக்கனுக்கு முதல் கதவு கோயில் மடம். ஐயரிடம் போய்க் கேட்காதீர்கள், அது அவர் கையில் இல்லை. மட்டக்களப்புக் கோயில்களில் நிர்வாகம் வண்ணக்கர் என்கிற கோயில் பொறுப்பாளர் கையிலும் பரிபாலன சபைத் தலைவர் கையிலும் இருக்கும். கோயிலடித் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து 'வண்ணக்கர் யார், வீடு எங்கே' என்று விசாரித்து, பின்னேரம் 4 மணிக்கு முந்திப் போய்க் கதையுங்கள். இருட்டின பிறகு வருகிற புது ஆளை எந்த ஊரும் சந்தேகமாகத்தான் பார்க்கும். சொல்ல வேண்டியது நாலே விஷயம்: பேர், ஊர், எத்தனை இரவு, சமையல் எங்கே செய்வீர்கள். கேட்காமலே அடையாள அட்டையை எடுத்துக் காட்டுங்கள். முதலில் 2 இரவு மட்டும் கேளுங்கள். 15 நாள் என்று எடுத்த எடுப்பில் கேட்டால் இல்லை என்றுதான் வரும். இரண்டாம் நாள் காலையில் மண்டபத்தைக் கூட்டி, பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால் மிச்ச நாளைப் பற்றி அவர்களே கதைப்பார்கள்.

மட எல்லைக்குள் மீன், இறைச்சி, சிகரெட், சாராயம் எதுவும் கூடாது. கருவாட்டுப் பொதியைக்கூடச் சைக்கிளில் கட்டி வெளியில் வையுங்கள், வாசம் காட்டிக்கொடுக்கும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கிற ஊர்களில் கட்டுப்பாடு இன்னும் கூட. அந்த நாட்களில் மடத்தில் இடம் கிடைப்பது கஷ்டம், ஆனால் சாப்பாட்டுக்குக் குறைவிராது. ஆடி அமாவாசையை ஒட்டி மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலிலும் திருக்கோவிலிலும் அப்படித்தான்: படுக்க இடம் நெருக்கடி, அன்னதானம் தாராளம். அன்னதானத்தில் சாப்பிட்டால் இலை எடுக்கவும் பாத்திரம் கழுவவும் நில்லுங்கள். சாப்பிட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போகிற ஆளை இரண்டாம் நாள் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

காத்தான்குடி, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளிவாசலில் முகம் கழுவவும் தண்ணீர் நிரப்பவும் தடை இராது. படுக்க வேண்டுமென்றால் பின்னேர அஸர் தொழுகை முடிந்து வருகிற நிர்வாகத்தாரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு மண்டபத்தையோ ஒரு வீட்டையோ காட்டுவார்கள். வெள்ளி மதியம் ஜும்ஆவுக்குக் கடைகள் சாத்தியிருக்கும், அரிசி முடிந்துவிட்டதென்று அப்போது ஓடாதீர்கள். நோன்பு மாதம் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முந்தி வரும். உங்கள் பயணம் அதில் விழுந்தால் இந்த ஊர்களில் பகலில் சாப்பாட்டுக்கடை திறந்திருக்காது, ஆனால் பொழுதுபட மஃரிப் நேரம் பள்ளியில் நோன்புக் கஞ்சி கிடைக்கும். பாத்திரத்தை நீட்டலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு மாதம் கூரைக்குக் கீழே இருக்க ஆசையென்றால் ஹோட்டலைத் தேடாமல் போர்டிங் அறைகளைத் தேடுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியும் மாணவர்களுக்கு விடும் அறைகள் விடுமுறையில் சும்மா கிடக்கும். கிழமைக் கணக்கில் கேளுங்கள், தண்ணீரும் கரண்டும் சேர்த்தா தனியா என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். அறுகம்பேயில் சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரை சேர்ஃபிங்காரர் காலம், எல்லாவற்றுக்கும் வேறு விலை. அந்த மாதங்களில் கோமாரியிலோ பொத்துவில் ரவுணிலோ நின்று, பகலில் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடற்கரையில் படுப்பதற்கு எல்லோருக்கும் ஆசை. செய்யலாம், ஆனால் இடம் பார்க்க வேண்டும். கரைவலை இழுக்கிற கரைத்துண்டில் கூடாரம் அடித்தால் விடியச்சாமம் 4 மணிக்கு வலைக்காரர் உங்களை எழுப்புவார்கள், அவர்கள் எழுப்பும் விதம் உங்களுக்குப் பிடிக்காது. வள்ளங்கள் ஏற்றியிருக்கிற இடத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளுங்கள், முதல் நாளே மீன்வாடிக் குடிசையில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். காலையில் வலைக்கயிற்றில் ஒரு கை பிடித்தால் கறிக்கு மீன் தராமல் அனுப்பமாட்டார்கள். தென்னைக்குக் கீழே படுக்கவே கூடாது, தேங்காய் ஆள் பார்த்து விழாது. சுனாமிக்குப் பிறகு நட்ட சவுக்கந்தோப்புகள் நிழலுக்கு நல்லது. ஆனால் கீழே கிடக்கிற சவுக்கஞ்சருகு கச்சான் காலத்தில் ஒரு பொறியில் பற்றும். அதற்குள் அடுப்பு மூட்டாதீர்கள், மணல்வெளிக்கு வந்து சுற்றிவர 2 மீட்டரைக் கூட்டிவிட்டு மூட்டுங்கள்.

கூடாரத்துக்குக் காசு கொடுப்பதை நான் சொல்லமாட்டேன். இந்தச் சூட்டில் மலிவுக் கூடாரத்துக்குள் படுப்பது இடியப்பச் சட்டிக்குள் படுப்பதுதான். 9 அடிக்கு 12 அடித் தறப்பாள் ஒன்று, 4 மில்லிமீட்டர் நைலோன் கயிறு 15 மீட்டர், ஒரு ஆள் நுளம்புவலை, பிளாஸ்ரிக் பாய், மருதமுனைச் சாரம் இரண்டு போதும். ஒரு சாரம் போர்க்க, மற்றது கட்ட. இரண்டு மரத்துக்கிடையில் 4 அடி உயரத்தில் கயிற்றை இறுக்கி, தறப்பாளை அதன் மேல் போட்டு, காற்று வரும் பக்கத்தை நிலத்தோடு இழுத்துக் கட்டுங்கள், மற்றப் பக்கம் உயர்ந்து இருக்கட்டும். மணலில் முளை நிற்காது. ஒவ்வொரு மூலைக்கும் ஒரு சின்னப் பையில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, ஒரு அடி ஆழத்தில் புதைத்து மிதியுங்கள். வலையின் ஓரத்தைச் சும்மா தொங்க விடாமல் பாய்க்குக் கீழே சுற்றிவரச் செருக வேண்டும். நுளம்புக்கு மட்டுமில்லை. நிலத்தில் படுப்பவர்களை இரவில் கடிப்பது பெரும்பாலும் எண்ணெய் விரியன் என்கிற கட்டுவிரியன் பாம்பு, அந்தக் கடி நோவதில்லை. விடியும்போது இமை தூக்க முடியாமல் போகிற வரை கடித்ததே தெரியாமல் இருக்கலாம். செருகிய வலை அதற்கும் தடை.

சமையல் சாமான் விஷயத்தில் வெளிநாட்டு வீடியோ பார்த்துச் சின்னக் காஸ் குப்பி அடுப்பு வாங்காதீர்கள், அந்தக் குப்பி இங்கே சில்லறைக் கடைகளில் கிடையாது. மண்ணெண்ணெய் அடுப்பு பாரமும் வாசமும், அரிசிப் பைக்குள் ஒரு துளி பட்டால் முழு அரிசியும் போச்சு. குழந்தைப் பால்மா வருகிற பெரிய ரின் ஒன்று எடுங்கள், 13 சென்ரிமீட்டர் அகலம் இருந்தால் சரி. அடியில் ஒரு பக்கம் 6க்கு 5 சென்ரிமீட்டர் ஜன்னல் வெட்டுங்கள், விறகு தள்ள. அடியைச் சுற்றி ஆணியால் 10 ஓட்டை. நிலத்திலிருந்து 3 சென்ரிமீட்டர் உயரத்தில் பழைய சைக்கிள் கம்பி 4 துண்டைக் குறுக்கே செருகினால் அது தட்டு, சாம்பல் கீழே விழும், காற்று மேலே வரும். மேல் விளிம்பில் சட்டி நேரே குந்தினால் புகை போக வழியின்றித் திரும்பி ஜன்னலால் வரும், எல்லோரும் பிழை விடுவது இதில்தான். 3 போல்ட்டை விளிம்பில் நிறுத்தி, சட்டிக்கும் ரின்னுக்கும் இடையில் 2 சென்ரிமீட்டர் இடைவெளி வையுங்கள். எரிக்கச் சிரட்டை. உடைத்த சிரட்டை 4, 5 ஒரு நேரச் சமையலுக்குக் காணும், எந்த வீட்டுக் கிணற்றடியிலும் சும்மா தருவார்கள். சிரட்டை கரி பிடிக்கும், ஆகவே ஏற்றுவதற்கு முந்திச் சட்டியின் வெளிப்பக்கம் சவர்க்காரத்தை மெல்லப் பூசிவிடுங்கள், பிறகு தேய்க்காமலே கரி கழன்று வரும்.

சோறு: ஒரு சுண்டு அரிசி ஏறக்குறைய 200 கிராம். ஒரு ஆளுக்கு இரண்டு நேரத்துக்கு ஒன்றரைச் சுண்டு. சிவப்பு நாட்டரிசியை ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, இரண்டரை மடங்கு தண்ணீரில் 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க வையுங்கள். பிறகு மூடியோடு இறக்கி, துவாயாலும் சாரத்தாலும் சுற்றி உரப்பைக்குள் 40 நிமிடம் வையுங்கள். மிச்சத்தை அந்தச் சூடே அவிக்கும். அரைச் சுண்டு மட்டும் போட்டால் இது சரிவராது, கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடும், அரிசி நடுவில் விறைத்து நிற்கும். சோறு சுற்றிக் கிடக்கிற நேரத்தில் அதே நெருப்பில் கால் சுண்டு மைசூர்ப் பருப்பு, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் போட்டு 15 நிமிடம். தேங்காய்ப்பால் கடைசியில் விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். தேங்காய்ப்பால் விட்ட கறியை இரவுக்கு வைக்காதீர்கள், பங்குனி சித்திரைச் சூட்டில் பின்னேரமே நுரைக்கும். பாதித் தேங்காய் மிஞ்சினால் உப்புத் தடவி வைத்து அடுத்த நாள் காலையே சம்பல் போட்டுவிடுங்கள்.

மிஞ்சின வெறுஞ்சோற்றில் தண்ணீர் முழுக விட்டு வைத்தால் காலையில் பழஞ்சோறு. அலுமினியச் சட்டியில் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். சில்வர் ஏனம் அல்லது மண்சட்டி. வெங்காயமும் செத்தல் மிளகாயும் ஒரு கரண்டி எருமைத் தயிரும் இருந்தால் காலைச் சாப்பாட்டுச் செலவு முடிந்தது. தயிரைக் கடலோரத்து எழுவான்கரைக் கடையில் வாங்குவதை விடப் படுவான்கரை மாட்டுப்பட்டிக்காரரிடம் சட்டியாக வாங்குங்கள், ஆனால் 2 நாளுக்குள் தின்று முடிக்க ஆள் வேண்டும். கருவாட்டைப் பொலித்தீனில் கட்டினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், கடதாசியில் சுற்றுங்கள். மரக்கறி சந்தை கலைகிற நேரம் வாங்குங்கள். மீனில் மலிவு சூடைதான், முள்ளுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். சமைக்க மனமில்லாத இரவில் கடைக்குப் போகாமல், எந்த வீட்டில் இடியப்பம் அவித்து விற்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஊருக்கு இரண்டு வீடாவது இருக்கும்.

தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற மணல்திட்டு இது. ஒரே ஒழுங்கையில் ஒரு கிணறு தித்திக்கும், அடுத்தது கரிக்கும். கோடை ஏற ஏற நல்ல கிணறும் மாறும். உவர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு பயனும் இல்லை, உப்பு இன்னும் இறுகும். சனம் எந்தக் கிணற்றில் குடத்தோடு வந்து அள்ளுகிறார்களோ அதுதான் குடிக்கிற கிணறு, குளிக்கிற கிணறு வேறு. கிருமிக்கு ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். சிரட்டை இல்லையென்றால், தெளிந்த தண்ணீரைப் பளிச்சென்ற பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பி வெயிலில் 6 மணித்தியாலம் படுக்க வையுங்கள், சூரியனே வேலையைச் செய்யும். மப்பான நாளென்றால் 2 நாள் வேண்டும், கலங்கல் தண்ணீரில் இது பலிக்காது. வெயிலில் ஓடுகிற நாளில் 4, 5 லீற்றர் குடிக்க வேண்டும். தலை சுற்றினால் ஜீவனி என்கிற உப்புச்சீனிக் கரைசல் பக்கற், அது இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்கு 6 மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பைக் கூட்டாதீர்கள்.

சைக்கிள் புதிது வேண்டாம். ஊர்க் கடைகளில் சாமான் கிடைக்கிற லுமாலா மாதிரி உருப்படி போதும், கியர் இந்த மட்ட நிலத்தில் தேவையில்லை. பின் கரியரில் 15 கிலோவுக்கு மேல் ஏற்றினால் பின் சில்லில் பிரீவில் (செயின் ஓடுகிற பல்சக்கரம்) பக்கத்துக் கம்பி ஒவ்வொன்றாக முறியும். அந்தப் பக்கக் கம்பிதான் அதிக இறுக்கம், மிதிக்கிற இழுவையும் அதற்குத்தான். ஒன்று முறிந்த அன்றே போடாமல் ஓடினால் ரிம் வளைந்து பக்கத்துக் கம்பிகளும் போகும். உங்கள் சில்லுக்கு அளவான கம்பி 4 கொண்டு வாருங்கள், மாற்றுவதற்கு பிரீவில்லைக் கழற்ற வேண்டும், அதைக் கடையில் செய்யுங்கள். பஞ்சர் இல்லாமலே விடியும்போது சில்லு படுத்திருந்தால் டியூப்பைக் கழற்ற முந்தி வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கிற வால்வு ரப்பர் வெயிலில் வெடித்திருக்கிறது, ஒரு விரல் நீள ரப்பரோடு வேலை முடிந்தது. மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக்' என்று கேட்டால் பெடல் தண்டை அச்சோடு பூட்டுகிற கொட்டர்பின் தளர்ந்திருக்கிறது. நட்டை மட்டும் முறுக்கினால் புரி தேயும். முதலில் பின்னைச் சுத்தியலால் தட்டி இறக்கி, பிறகு நட்டை இறுக்குங்கள். கடற்காற்றின் உப்பு செயினைத் தின்னும், 3 நாளுக்கு ஒரு முறை துடைத்துத் தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் விட்டால் மணலோடு சேர்ந்து பசையாகும்.

நோயில் மூன்றுக்குப் பயப்பட்டால் போதும். காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு என்று நினையுங்கள், பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரை போடாதீர்கள், மூன்றாம் நாள் இரத்தம் பார்க்க அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயல் வட்டைக்குள் சேற்றில் காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும். இறங்கத்தான் வேண்டுமென்றால் முந்தியே பி.எச்.ஐ.யை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை)க் கண்டு தடுப்பு மாத்திரை கேளுங்கள், விவசாயிகளுக்குக் கொடுப்பதுதான். பாம்பு கடித்தால் கட்டு, கீறல், நாட்டுவைத்தியர் வீடு என்று ஓடாமல் 1990 அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், ஆஸ்பத்திரி மருந்தும் இலவசம். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் நான்கிலும் ஆதார வைத்தியசாலைத் தரத்துக்குக் குறையாத ஆஸ்பத்திரி இருக்கிறது. 

யானைக்கு வருவோம். உன்னிச்சை, வெல்லாவெளிப் பக்கமும், பொத்துவில் தாண்டிப் பாணமை, உகந்தை ரோட்டிலும் பின்னேரம் 5 மணிக்குப் பிறகு சைக்கிளில் இருக்கக்கூடாது. யானை உப்புக்கும் அரிசிக்கும் பழத்துக்கும் வரும், படுக்கிற இடத்தில் சாப்பாட்டுச் சாமான் வைக்காதீர்கள், ஊருக்குள் ஒரு வீட்டில் கொடுத்து வையுங்கள். களப்பிலும் குளத்திலும் முதலை உண்டு. சனம் குளிக்கிற துறையில் மட்டும், பகலில் மட்டும் இறங்குங்கள்.

பெண் பிள்ளைகள் தனியாக வருவதானால் கடற்கரைப் படுக்கையை விட்டுவிடுங்கள். கோயில் மடத்தை விட வண்ணக்கரின் வீட்டுத் திண்ணையோ, கன்னியர் மடமோ, போர்டிங்கோ சரி. கேட்கிற ஆள் அந்த வீட்டு அம்மாவாக இருக்கட்டும்.

தங்கல்களை இப்படிப் போடலாம். வாகரை, காயங்கேணிப் பக்கம் ஒன்று, கடல் மீனுக்காக. சித்தாண்டி, வந்தாறுமூலையில் ஒன்று. மண்முனைப் பாலத்தால் வாவியைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலையில் ஒன்று, தயிரும் அரிசியும் அங்கேதான் மலிவு. களுவாஞ்சிகுடி, கல்லாறு ஒன்று. பிறகு நிற்காமல் கல்முனை, அக்கரைப்பற்றைக் கடந்து திருக்கோவில், கோமாரி, கடைசியில் உகந்தை. பொத்துவிலில் காசு எடுத்து, 5 நாளுக்கு அரிசி பருப்பு வாங்கி, பவர்பேங்கை முழுதாய்ச் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்குங்கள். பாணமைக்கு அப்பால் போன் அலை வரும் போகும்.

உகந்தையிலிருந்து குமுக்கனாறு தாண்டிக் கதிர்காமம் போகிற காட்டுப்பாதை வருடத்தில் கதிர்காம ஆடிவேல் கொடியேற்றத்தை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டும் யாத்திரிகருக்குத் திறக்கும். மற்ற நேரத்தில் அது குமணை, யால வனத்துக்குள், அனுமதியில்லாமல் போனால் வழக்கு. நீங்கள் மாசியில் தொடங்கி 90 நாளில் முடித்தால் அது கிடைக்காது, சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு தொடங்கினால் பெரும்பாலும் கிடைக்கும், ஆனால் தெற்கே இறங்குவது முழுக்கக் கச்சானுக்குள். அந்தப் பாதையில் சைக்கிள் சரிவராது, 4, 5 நாள் நடைதான். கூட்டத்தோடு போங்கள். சைக்கிளைப் பொத்துவிலில் தெரிந்த வீட்டில் விட்டுவிட்டு நடந்தால், திரும்பும்போது கதிர்காமத்திலிருந்து மொனராகலை வந்து பஸ் மாறிப் பொத்துவிலுக்கே வந்து எடுத்துக்கொள்ளலாம்.